மணி அடிக்காத போனும் நான் எழுதிக் கொடுத்த சீட்டும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால், மாதா கோயிலுக்குள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையைவிட வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் நிற்கிற வரிசைதான் நீளம். எல்லார் கையிலும் போன், எல்லார் வாயிலும் ஒரே கேள்வி.

“ஸ்டெல்லாக்கா, அப்டேட் கேட்டுகினே இருக்குது. போடவா, வேணாமா?”

“போடுங்க. வாசப் பூட்டு பழசானா மாத்தித்தானே ஆகணும்? ஆனா போட்டதும் ஒரு வேலை செய்யுங்க. வழக்கமா வீட்டுல எங்க உக்காந்து பேசுவீங்களோ அங்க உக்காந்து, வேற யாரையாவது உங்க நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. மணி அடிச்சா சரி. அடிக்கலைன்னா எங்கிட்ட வாங்க.”

அவ்வளவுதானா என்று முகம் தொங்கிவிடும். டாக்டர் ஊசி போடாமல் வெந்நீர் குடிக்கச் சொன்னால் நம் ஆட்களுக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வருமில்லையா, அதே சந்தேகத்தோடு போவார்கள்.

நான் டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண் போன மாதம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் மேடம், நீங்க அனுப்பற ஆளுங்க எல்லாரும் வீட்டுல மணி அடிக்குதான்னு பாத்துட்டு வர்றாங்களே, அது என்ன கணக்கு?” என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது, சும்மா ஒரு பழக்கம் என்று மழுப்பிவிட்டு ஏறிவிட்டேன். அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பில் நான் மண்ணைப் போடப் பார்த்த பிறகு வந்தது. அவளுக்குச் சொல்லவேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் சர்வீஸ் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கடலூரில் சில மாதப் பயிற்சி, அதில் பாதி நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு “நம்பர் சொல்லுங்க” என்று சொல்லிப் பழகினோம். நெய்வேலி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஆபரேட்டர் போர்டு போனது, தானியங்கி வந்தது. அது போனது, செல்போன் வந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன, நான் மட்டும் அப்படியே இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருடம் செல்போன் புகார் கவுன்ட்டர். போன் பேசவில்லை என்பவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து பேசுவார்கள்.

நெய்வேலியில் புகார் கவுன்ட்டரில் உட்காருவது ஒரு தனி அனுபவம். டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், எல்லா மாவட்டத்து ஆட்களும் உண்டு, எல்லா மாவட்டத்துத் திட்டும் கிடைக்கும். ஆனால் பழி போடும் இடம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். சுவரில் விரிசலா, சுரங்கம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா, சுரங்கம். பால் திரிந்துபோனால்கூட, “நேத்து மைன்ஸ்ல வெடி வெச்சாங்கல்ல” என்பார்கள். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. இங்கே நிலக்கரிக்காகத் தோண்டிக்கொண்டே போகிறார்கள், தோண்டும் பக்கத்தில் இருக்கிற ஊர் நகர்ந்துகொண்டே போகிறது. எங்கள் டவர் ஒன்றும் அப்படித்தான், நின்ற ஊரைக் காலி செய்தபோது, ஊர்க்காரர்களோடு சேர்ந்து புதுக் காலனிக்குக் குடிபோனது. அந்த டவர் இந்தக் கதைக்குள் வரும்.

அதற்குமுன் தனசேகரன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் இன்ஜினியர், என் மேலதிகாரி, வயதில் என்னைவிட எட்டு வருடம் சின்னவர். நாமக்கல்காரர். நாயை விரட்டுவதாக இருந்தாலும் “போங்க” என்றுதான் விரட்டுவார். அவருக்குக் கோபம் வந்ததா இல்லையா என்பதைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரணமாக என்னை ‘மேடம்’ என்பார். ‘ஸ்டெல்லா மேடம்’ என்று முழுப் பெயரும் வந்தால் நான் எங்கேயோ வழுக்கியிருக்கிறேன் என்று அர்த்தம்.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் வைத்திருப்பார். ஒன்று பழைய பட்டன் போன், இன்னொன்று புது டச் போன். இரண்டிலும் சிம் இருக்காது. வருகிறவரின் சிம்மை எடுத்து இந்த இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்காகவே வைத்திருந்தார். சிம்மில் குறையா போனில் குறையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவர் வந்த முதல் வாரமே கவுன்ட்டரில் ஒரு பெரிய நோட்டு வைத்தார். புகார் சொல்பவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையை அப்படியே அதில் எழுதவேண்டும். ‘சிக்னல் குறைபாடு’ என்று நாமாக நாகரிகமாக எழுதக்கூடாது. “எம் பொண்டாட்டி பேசினா மட்டும் கேக்க மாட்டேங்குது” என்றால் அப்படியே எழுதவேண்டும். எழுதியதை அழிக்கக்கூடாது. தப்பாக இருந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அடித்தது படிக்கக் கிடைக்கவேண்டும். பிறகு மூன்று கேள்வி. எங்கே இருக்கும்போது இப்படி ஆகிறது? கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அப்போதைக்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன நடந்தது?

“அந்த மூணாவது கேள்விக்கு எல்லாரும் ஒண்ணும் நடக்கலைன்னுதாங்க சொல்லுவாங்க. அதுக்கப்புறமும் பேசாம உக்காந்திருக்கணும். கொஞ்ச நேரத்துல அவங்களே சொல்லுவாங்க” என்பார்.

பேசாமல் உட்கார்ந்திருப்பது! அவருக்கு வரும். எனக்கு அது பிறவியிலேயே இல்லை.

அந்தக் கேள்வியின் அருமையை ஒரு தமாஷான கேஸில் பார்த்தேன். தெர்மல் மின்நிலையத்தில் வேலை பார்க்கிற போர்மேன் ஒருவர், முகம் சிவக்க வந்தார். ஊரில் எல்லாருக்கும் போன் போகிறதாம், அவர் மனைவிக்கு மட்டும் போகவில்லையாம். மணி அடிக்கிறது, அந்தம்மா எடுப்பதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் “நீங்க போனே பண்ணலையே” என்கிறாராம். இரண்டு நாளாக வீட்டில் சண்டை, சாம்பாரில் உப்பில்லை. சார் மூன்று கேள்வியும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மனிதர் ஒண்ணும் நடக்கலை, ஒண்ணும் நடக்கலை என்று நான்கு தடவை சொல்லிவிட்டு, “முந்தாநேத்து என்னமோ அப்டேட் ஆச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன சார்?” என்றார். அவர் போனில் இரண்டு சிம். அப்டேட் ஆனபோது, எந்த சிம்மில் பேசுவது என்ற தேர்வு முதல் சிம்மிலிருந்து இரண்டாவதுக்கு மாறிவிட்டது. அந்த நம்பர் மனைவிக்குத் தெரியாது. தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே என்று கண்டித்து வைத்திருந்தவர் வேறு யாருமில்லை, இவரேதான். சொல் பேச்சு கேட்கிற மனைவி அமைவதும் கஷ்டம்தான்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்டேட் என்றால் இவ்வளவுதான், ஏதாவது ஒரு பொத்தான் இடம் மாறும், மாற்றி வைத்தால் தீர்ந்தது என்று ஒரு மிதப்பு வந்தது. அந்த மிதப்போடுதான் நான் வசந்தாவின் கேஸை எடுத்தேன்.

வசந்தா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தெர்மல் ஸ்டேஷனில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை. அவள் ஊரும் சுரங்கத்துக்குப் போன ஊர், இப்போது வீடு அந்தப் புதுக் காலனியில். அன்றைக்கு சார் கடலூரில் மீட்டிங். கவுன்ட்டரில் சரியான கூட்டம்.

“வூட்டுல இருந்தா போனே வர்றதில்லிங்க மேடம். நான் போட்டாலும் போவ மாட்டேங்குது. ரோட்டுப் பக்கம் வந்தா எல்லாம் சரியா இருக்குது. நெட்டு மட்டும் வூட்டுல நல்லாத்தான் வருது, படமெல்லாம் ஓடுது.”

அந்தக் காலனியிலிருந்து அந்த மாதம் வந்த ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ அவள். எல்லாரும் டவர் இடம் மாறியதைத்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களும் இரண்டு தடவை ஏறி ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“டவரை மாத்தினதுலேருந்துதானே இப்படி?” என்று கேட்டேன்.

“ஆமாங்க” என்றாள்.

பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிக் கேட்டால் ஆமாங்க என்று சொல்வது இந்தப் பக்கத்து மரியாதை. அது எனக்குத் தெரியும். கேள்வியோடு பதிலையும் சேர்த்து நானே அவள் கையில் கொடுத்தேன், அவள் வாங்கி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அதை அவள் சொன்னதாகவே நோட்டில் எழுதிவிட்டேன்.

கவுன்ட்டரிலேயே அவள் நம்பருக்கு மூன்று தடவை போன் போட்டேன், மூன்று தடவையும் கணீரென்று அடித்தது. சிம்மைத் துடைத்துப் போட்டேன். காலனி டவரில் கோளாறு ஏதாவது காட்டுகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன், ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

“அப்போ அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க மேடம். எங்க சூப்பர்வைசர் கேக்கறாரு” என்றாள்.

எழுதிக் கொடுத்தேன், ஆபீஸ் வழக்கப்படி இங்கிலீஷில். கைபேசி, சிம், டவர் மூன்றிலும் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்து, ஆபீஸ் முத்திரை. அவள் அதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, தனக்காகப் பேசப்போகிற சாட்சியைக் கூட்டிக்கொண்டு போவதுபோல நிமிர்ந்து போனாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, நேராக வந்து அந்தச் சீட்டை என் முன்னால் வைத்தாள்.

“இத நீங்களே வெச்சிக்கோங்க மேடம்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“இதக் காட்டினேன். படிச்சிட்டு, ‘போனு நல்லா இருக்குது, டவரும் நல்லா இருக்குதுன்னு கவருமெண்டு முத்திரையோட எழுதியிருக்காங்க. அப்போ நீதான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கே’ன்னு சொல்லிட்டாரு. எனக்காவ எழுதிக் குடுத்தீங்கன்னு நெனச்சிகினு போனேன் மேடம். எம் மேல புகாருல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க.”

கவுன்ட்டரில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்துக் கேட்டேன்.

விஷயம் இதுதான். அவளுக்குத் தினமும் வேலை கிடையாது. ஆள் குறைகிற நாளில் கூப்பிடுகிற பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ராஜமாணிக்கம் என்கிற சூப்பர்வைசர் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போன் போடுவார், மறுநாள் முதல் ஷிப்டுக்கு வா என்பார். மெசேஜ் எல்லாம் கிடையாது. பார்த்தேன், பார்க்கவில்லை என்று பிறகு பஞ்சாயத்து வருமாம். மூன்று தடவை கூப்பிட்டு ஆள் கிடைக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார். வசந்தாவின் நம்பருக்கு மூன்று தடவை போட்டிருக்கிறார், மூன்று தடவையும் ஸ்விட்ச் ஆஃப் என்றோ தொடர்பு எல்லைக்கு வெளியே என்றோதான் வந்திருக்கிறது. பெயரை அடித்துவிட்டார். அது போதாதென்று, அந்த மாதத்தோடு பழைய காண்ட்ராக்ட் முடிகிறது. புதுக் காண்ட்ராக்டில் யார் யாருக்குக் கேட் பாஸ் என்கிற பட்டியல் திங்கட்கிழமை போகிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் தெர்மல் கேட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஆறு வருடமாக அவள் வீடு ஓடுவது அந்தக் கேட் பாஸில்.

உள் அறையிலிருந்து தனசேகரன் சார் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. நோட்டைத் திருப்பி என் எழுத்தைப் படித்தார். “‘டவர் மாற்றியதிலிருந்து குறை.’ ஸ்டெல்லா மேடம், இது அவங்க சொன்னதுங்களா, நீங்க சொன்னதுங்களா?”

“நான் சொன்னது சார்.”

“அப்படீங்களா” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வசந்தாவைப் பார்த்து, “போன் எங்க அடிக்கலைங்களோ அங்க போய்ப் பாத்துடலாங்க” என்றார். அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நானும் வசந்தாவும் ஷேர் ஆட்டோவில் பின்னால் போனோம். வழி நெடுக அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒற்றை அறையும் சமையல்கட்டுமாகச் சின்ன வீடு. போனை வழக்கமாக வைக்கிற அலமாரியில் வைக்கச் சொன்னார் சார். சிக்னல் கோடு முழுதாக இருந்தது. வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய கல்யாண வீடியோ தடங்கலே இல்லாமல் ஓடியது. “இப்போ கூப்பிடுங்க மேடம்” என்றார். என் போனிலிருந்து போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு அந்தப் பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. ஆள் எனக்கு ஓரடி தள்ளி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“பாத்தீங்களா?” என்றாள் வசந்தா. அந்த ‘பாத்தீங்களா’ எனக்குத்தான்.

சார் சிம்மை எடுத்துத் தன் பட்டன் போனில் போட்டார். அதில் சிக்னலே வரவில்லை. டச் போனில் போட்டார். நான் கூப்பிட்டேன், வீடு அதிர அடித்தது. ஆக சிம் சரி, டவரும் சரி, வசந்தாவின் போனில்தான் என்னவோ. ஆனால் அதே போன் என் கவுன்ட்டரில் மூன்று தடவை அடித்ததே?

சிம்மைத் திரும்ப அவள் போனிலேயே போட்டுவிட்டு, சார் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “இந்த வீட்டுல இருக்கும்போது கடைசியா மணி அடிச்சு நீங்க எடுத்துப் பேசினது யாருகூடங்க?”

அவள் யோசித்தாள். “சேத்தியாத்தோப்புல இருக்குற எங்க அக்காங்க. போன வாரத்துக்கு முந்தின வாரம்.” போனில் பார்த்தோம், இருந்தது, புதன்கிழமை சாயங்காலம். அப்போதே டவர் இடம் மாறி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் எழுதியது அந்த ஒரு பதிலிலேயே பொய்யாகிவிட்டது.

“அந்தப் புதன்கிழமைக்கும், உங்க சூப்பர்வைசர் மொதத் தடவை கூப்பிட்டுக் கெடைக்காமப் போனதுக்கும் நடுவுல இந்த போனுல என்னங்க நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலிங்க.”

சார் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும்.

“கீழ வுழலிங்க, தண்ணி படலிங்க… ஒரு நாளு காத்தால எழுந்து பாத்தா இந்தப் படமெல்லாம் உருண்டையா ஆயிப்போச்சு. முன்ன சதுரமா இருந்துச்சு. அது சும்மா அழகுக்குன்னு நெனச்சிகினு வுட்டுட்டேன்.”

இரவில் சார்ஜில் போட்டிருந்தபோது போன் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. சார் போன் அமைப்புக்குள் போனார், சிம், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்காவது பக்கத்தில் அது இருந்தது. 4ஜி வழியாகப் பேசுவதற்கான பொத்தான், அணைந்திருந்தது. வசந்தா அந்தப் பக்கத்தை வாழ்நாளில் திறந்ததில்லை. அப்டேட் போகிற போக்கில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. போன் பேச்சு வருவதற்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று பழைய பாதை, பட்டன் போன் காலத்தது. இன்னொன்று புதுப் பாதை, 4ஜி. அப்டேட் புதுப் பாதையை அடைத்துவிட்டது. எங்கள் ஆபீஸ் பக்கத்து டவரிலும் ரோட்டோர டவரிலும் பழைய பாதையும் இருப்பதால் அங்கே மணி அடித்தது. இடம் மாறிய காலனி டவரில் பழைய கருவிகளைத் திரும்பப் பொருத்தவில்லை, புதியது மட்டும்தான். அதனால் வீட்டில் அவள் போனுக்கு நெட் வரும், படம் வரும், ஆனால் பேச்சு வர வழியே இல்லை. போனுக்குத் தனியாகக் குறை இல்லை, டவருக்கும் தனியாகக் குறை இல்லை, இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் குறை. நான் போனையும் தனியாகப் பார்த்தேன், டவரையும் தனியாகப் பார்த்தேன். அந்த வீட்டை மட்டும் பார்க்கவில்லை.

பொத்தானைத் தட்டினார். கூப்பிட்டேன். அடித்தது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எங்களுதும் உருண்டையாத்தான் ஆயிடுச்சு சார்” என்று அரை மணி நேரத்தில் வாசலில் ஒரு கூட்டம் போனை நீட்டிக்கொண்டு நின்றது. அந்த மாதம் வந்த ஆறேழு புகாரும் ஒரே நாளில் தீர்ந்தன. ஆன்டெனாவைத் திருப்ப ஏறிய எங்கள் ஆட்கள் அதற்குப் பிறகு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஊர் சந்தோஷப்பட்டது. வசந்தா மட்டும் அடித்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இப்ப அடிச்சி என்னங்க பண்றது? பேரத்தான் அடிச்சிட்டாங்களே” என்றாள்.

ஆபீஸ் திரும்பியதும் நோட்டில் என் வரியை ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டேன். ராஜமாணிக்கத்துக்கு ஒரு கடிதம் நீங்கள் எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்று சாரிடம் கேட்டேன். இன்ஜினியர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று ஒரு காரணமும் சொன்னேன். உள்ளுக்குள் இருந்த காரணம், அந்த மனிதர் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கம்.

“நீங்க எழுதுனதை நான் எப்படிங்க மாத்த முடியும்? நீங்களே எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க” என்றார் சார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த சீட்டு தவறு, முறையாக விசாரிக்காமல் எழுதியது, வசந்தா போனை அணைத்து வைக்கவில்லை, போன் தானாகப் புதுப்பித்துக்கொண்டபோது இன்ன மாற்றம் நிகழ்ந்து காலனியில் மட்டும் அழைப்பு வராமல் போனது என்று ஒரு பக்கம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது பாவசங்கீர்த்தனமே சுலபம் என்று தோன்றியது. அங்கே திரை இருக்கிறது, காகிதத்தில் எழுதிக் கேட்பதும் இல்லை.

சனிக்கிழமை காலை காண்ட்ராக்டர் ஆபீஸுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட ஓர் அறை, சுவரெல்லாம் ஷிப்ட் அட்டவணை. ராஜமாணிக்கம் ஐம்பது தாண்டியவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆள் வராவிட்டால் மேலே இவர்தான் பதில் சொல்லவேண்டும். கடிதத்தைப் படித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து செவ்வாய்க்கிழமைச் சீட்டின் ஜெராக்ஸ் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“மேடம், இதுலயும் உங்க கையெழுத்துதான், இதுலயும் உங்க கையெழுத்துதான். நான் எத நம்பறது?”

நியாயமான கேள்வி.

“எதையும் நம்பாதீங்க சார். இப்போ அந்தப் பொண்ணு வீட்டுலதான் இருப்பா. நீங்களே போன் பண்ணிப் பாருங்க.”

“நீங்க சொல்லி வெச்சிருப்பீங்க. போனக் கையில வெச்சிகினு உக்காந்திருப்பா.”

“சத்தியமா சொல்லலை சார். நான் இங்க வந்திருக்கறதே அவளுக்குத் தெரியாது.” அது உண்மை. வேலை முடியாமல் போனால் இன்னொரு தடவை அவளுக்கு ஆசை காட்டியதாகிவிடுமே என்று சொல்லாமல் வந்திருந்தேன்.

அவர் நம்பரைப் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டி மேஜை மேல் வைத்தார். சத்தமே இல்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி. வியாழக்கிழமைக்குப் பிறகு இன்னொரு அப்டேட் வந்திருந்தால்? அவள் வீட்டுப் பிள்ளைகள் எதையாவது தட்டியிருந்தால்? இத்தனை வருட சர்வீஸில் எத்தனையோ ஆயிரம் அழைப்புகளைச் சேர்த்துவிட்டிருக்கிறேன், ஒன்றுக்குக்கூட அப்படி வேண்டிக்கொண்டதில்லை. அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று நேர ஆரம்பித்து, ஒரு கட்டு என்று நேர்த்தியைக் கூட்டினேன்.

மணி அடித்தது.

அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தானாக நின்றுபோனது.

“பாத்தீங்களா மேடம்” என்றார் ராஜமாணிக்கம். கடிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

“மணி அடிச்சுது சார். முன்னாடி மூணு தடவையும் உங்களுக்கு மணியே அடிக்கலை. அதத்தான் நான்…” என்று ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் கெஞ்சுவது கேட்டது. அவர் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை.

மேஜை மேலிருந்த போன் அடித்தது. திரையில் வசந்தாவின் நம்பர். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. அவர் ஹலோ சொல்வதற்குள், ஓடிவந்து மூச்சு வாங்குகிற குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சார், நான் ஆஃப் பண்ணலிங்க சார். தெருக் கொழாயில தண்ணி புடிச்சிகினு இருந்தேன் சார். போனு ஆன்லதாங்க சார் இருக்குது, நான் ஆஃப் பண்ணலிங்க சார்.”

வணக்கமில்லை, யார் என்ன என்ற கேள்வியில்லை. யாரும் கேட்காமலே அவள் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். அந்தப் பயத்தை அவளுக்குக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தவள் நான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ராஜமாணிக்கம் மடித்த கடிதத்தை மெதுவாகப் பிரித்து மேஜை மேல் வைத்தார்.

“தெரியும்மா” என்றார். “திங்கக்கிழமை காலையில ரெண்டு போட்டோ எடுத்துகினு வா. கேட் பாஸுக்கு.”